உதிரி என்று ஒரு கோப்புறை

ஜூன் 2, திங்கள்

வல்லி நேற்றுக் காலை கோயம்புத்தூர் வண்டி ஏறினாள். முறைப்படி பார்த்தால் பூங்கோதைதான் தலைப்பிரசவத்துக்குப் புதுக்கோட்டை வந்திருக்க வேண்டும். படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, பயணம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மகள் தாய்வீட்டுக்கு வருவதற்குப் பதில் தாய்வீடு மகளிடம் போயிருக்கிறது. பாதி வீடு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அந்தப் பாதி நான்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். பதினான்கு கட்டளைகள். ஏழாவது, பாலுக்கு உறை ஊற்ற மறக்கக் கூடாது. முதல் நாளே மறந்தேன்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் கடைசியாகக் கொடுத்த டைரி காலியாகக் கிடக்கிறது. பேச ஆள் இல்லாத வீட்டில் இதிலாவது பேசலாம்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. வளைகாப்பு வீடியோவை மாப்பிள்ளை கதிரேசன் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார். டிஸ்க் வீடியோக்காரருடையது, பத்து நாளில் திரும்ப வேண்டும். வீட்டுக் கணினியில் ஏற்றப் பார்த்தேன். போதிய இடம் இல்லை என்றது. வேண்டாத கோப்புகளைக் கழித்தாக வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

கணினி வல்லியுடையது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஜாப் டைப்பிங் கடையில் பதினேழு வருடம் தட்டினாள். கடையை மூடிய முதலாளி அவள் தட்டிக்கொண்டிருந்த பெட்டியையே கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு இரண்டு பெட்டி மாறிவிட்டது. கோப்புகள் மட்டும் பழையதிலிருந்து புதியதற்குக் குடிபெயர்ந்து கொண்டே வந்திருக்கின்றன. ஒருவரும் ஒன்றையும் கழித்ததில்லை.

இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகம். தட்டச்சராகச் சேர்ந்து, பதிவறை, தபால் பிரிவு என்று சுற்றி, கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். எந்தக் கோப்பை வைத்திருக்க வேண்டும், எதை அழிக்கலாம் என்பதற்கு எங்களிடம் திட்டமான முறை உண்டு. ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம். மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரம், கட்டடம் இடிந்தாலும் கோப்பு இருக்க வேண்டும்.

தபால் விஷயத்திலும் எனக்கு ஒரு பெயர் உண்டு. என் கையில் ஒரு தபால் ஒரு நாள் தங்கியதில்லை. வந்த அன்றே உரியவர் மேசைக்குப் போய்விடும். ஓய்வு விழாவில் பேசிய ஐந்து பேரில் நான்கு பேர் அதைத்தான் சொன்னார்கள்.

ஜூன் 4, புதன்

வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போட்டு வேலையை ஆரம்பித்தேன்.

இருநூற்றுப் பதினோரு பயோடேட்டாக்கள். வேலை தேடி வல்லியிடம் தட்டிக்கொண்டு போனவர்கள். பாதிப் பேர் இன்று பேரன் எடுத்திருப்பார்கள். ஓ.மு. எறும்புகளைப் பற்றி யாரோ ஒருவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு, ஒன்பது பிரதிகள். கடைசிப் பிரதி மட்டும் ப.மு., மற்ற எட்டும் ஓ.மு. ‘புதிய கோப்புறை’ என்ற பெயரில் பதினேழு கோப்புறைகள், உள்ளே ஒன்றுமில்லை. என் கைபேசியிலிருந்து ஏற்றிய காலை வணக்கப் படங்கள் அறுநூற்றுச் சொச்சம். அவற்றை அனுப்பியவர்களின் மனம் புண்படுமே என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஓ.மு.

ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன். எதை அழித்தாலும் முதலில் குப்பைத் தொட்டிக்குத்தான் அனுப்புவது. இரண்டு நாள் அங்கே கிடக்க வேண்டும். அதற்குள் மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். கைதவறி நடந்தது என்று பிறகு சொல்லக் கூடாது பாருங்கள்.

ரசம் வைத்தேன். புளி கூடிப்போய் வாயில் வைக்க முடியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தொட்டியைக் காலி செய்தேன். வீடியோவுக்கு வேண்டிய இடம் கிடைத்துவிட்டது.

கடைசியாக ‘உதிரி’ என்று ஒரு கோப்புறை கண்ணில் பட்டது. நாற்பத்தொரு கோப்புகள். பெயர் கிடையாது, ஒன்று, இரண்டு என்று எண் மட்டும். 2004-இல் ஆரம்பித்து 2012 வரை போகிறது. முதல் கோப்பைத் திறந்தேன். mtu; me;j என்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே அலங்கோலம். பக்கம் முழுக்க அப்படித்தான். கெட்டுப்போன கோப்புகள். தொட்டிக்கு அனுப்பாமல் நேராகவே அழித்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

வீடியோ ஏறியது. வல்லி மகளுக்கு வளையல் அடுக்குகிற இடத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தேன். தலைவலி. மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூன் 9, திங்கள்

காலை பத்து மணிக்கு வல்லி பேசினாள்.

“என்னங்க, எனக்கு ஒரு வேலை பண்ணுவீங்களா?”

“சொல்லு.”

“கம்ப்யூட்டர்ல உதிரின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே ஒரு பென்டிரைவ்ல போட்டு கொரியர் பண்ணிவிடுங்க. இவ நாள் பூரா படுத்தே கிடக்கிறாள்ல, பொழுது போகலைங்கிறா. நான் வேற வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, கடையில இருந்தப்ப அப்பப்ப என்னமோ எழுதி வெச்சிருந்தேன்னு சொல்லிட்டேன். படிச்சுக் காட்டுன்னு ஒரே பிடிவாதம்.”

“என்ன எழுதினே? சொல்லவே இல்லையே.”

“பெருசா ஒண்ணும் இல்லைங்க. சாப்பாட்டு நேரம் அரை மணி. சாப்பிட்டது போக மிச்ச நேரத்துல தட்டினது. பழைய ஃபான்ட்டுல இருக்கும், பார்க்கக் கன்னாபின்னான்னு தெரியும். கெட்டுப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க. இங்க மாப்பிள்ளை மாத்திக்கலாம்னு சொல்றாரு.”

பின்னாலிருந்து பூங்கோதை கத்தினாள். “அப்பா! நம்ம வீட்டுல ஒரு எழுத்தாளர் இருந்திருக்காங்கப்பா, நமக்கே தெரியாம!”

வல்லி சிரித்தாள். வெட்கப்பட்டுச் சிரிக்கிற அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று கணக்குப் பார்க்க வரவில்லை.

“அனுப்பறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கணினி பழுதாகிவிட்டது, சரியானதும் அனுப்புகிறேன் என்று வல்லியிடம் சொன்னேன். “பரவாயில்லைங்க, மெதுவா அனுப்புங்க” என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

பழைய சிடி எதிலாவது பிரதி இருக்குமா என்று பரணில் தேடினேன். பூங்கோதையின் பள்ளிக்கூடப் பை, உடைந்த மிக்ஸி ஜார், நான் அலுவலகத்துக்கு எடுத்துப் போன பழுப்புத் தோல் பை. சிடி எதுவும் இல்லை.

தோல் பையின் உள்ஜிப்பைத் திறந்து பார்த்தேன். காலி. காலியாகத்தான் இருக்கும். உள்ளே இருந்ததை எடுத்துக் கிழித்துப் போட்டவன் நான்தானே. என்ன இருந்தது என்று இதில் எழுதப் போவதில்லை.

இட்லி மாவு புளித்துப் பொங்கி மேடை முழுக்க வழிந்திருந்தது. ஒன்பதாவது கட்டளையில் எச்சரித்திருந்தாள்.

ஜூன் 14, சனி

கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழராஜ வீதியில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஜெசிந்தா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அழிச்சதுக்கு அப்புறம் பெரிய ஃபைல் எதாவது ஏத்துனீங்களா சார்?” என்றாள்.

“மக வளைகாப்பு வீடியோ.”

“ஐயோ, அது இது மேலயே போய் உக்காந்திருக்கும் சார். கிடைச்சவரைக்கும் எடுக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன். என்ன ஃபைலு?”

“வீட்டுல எழுதி வெச்சிருந்தது.”

“தவறுதலா அழிஞ்சுடுச்சா?”

“ஆமாம்மா” என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்குப் போனேன். ஜெசிந்தா திரையை என் பக்கம் திருப்பினாள். “நாப்பத்தொண்ணுல இருபத்தொம்பது வந்திருக்கு சார். முதல் பதினொண்ணும் நடுவுல இன்னொண்ணும் போயிடுச்சு. ஆனா சந்தோஷப்படாதீங்க. வந்தது எல்லாமே கரப்ட். பாருங்க, ஒரு வார்த்தை உருப்படியா இல்லை. குப்பைதான். இதையும் அழிச்சிடவா?”

அவள் கை மவுஸின் மேல் இருந்தது.

“வேண்டாம்மா! அது கெட்டுப்போகலை. அது தமிழ்.”

“எங்க சார் தமிழ்?”

திரையில் இருந்தது பன்னிரண்டாம் எண் கோப்பு. நான் படித்துக் காட்டினேன். “‘அவர் இன்றும் வந்திருந்தார். தெருவிளக்கு மனு. இது ஆறாவது முறை. ஒவ்வொரு முறையும் அதே மனுவைத் தட்டித் தருவது எனக்கே சங்கடமாக இருப்பதால், இந்தத் தடவை இருள் என்பதைக் கும்மிருட்டு என்று மாற்றினேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். நல்லாயிருக்கும்மா என்றார்.’”

ஜெசிந்தா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “எப்படி சார்?”

விளக்கினேன். இது பழைய எழுத்துரு. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைகளை அப்படியே கொண்டது. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அதே விசையில் உள்ள ஆங்கில எழுத்து தெரியும். m இருக்கிற இடத்தில் அ, t இருக்கிற இடத்தில் வ, u இருக்கிற இடத்தில் ர, அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்துப் புள்ளி. mtu; என்றால் அவர். இன்ஸ்டிட்யூட்டில் யளனகப யளனகப என்று தட்டிக் கற்றவன் எவனும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு படிப்பான். நான் முப்பது வருடம் இதைத் தட்டியிருக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மடையன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். “அப்ப அழிக்கும்போதே உங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்குமே சார்?”

நான் பெட்டியின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“எல்லாம் சேர்ந்து ஒரு போட்டோ அளவுகூட இல்லை. இதை அழிச்சா இடமும் கிடைச்சிருக்காது. குப்பைத் தொட்டிக்கும் போகலை, நேரா அழிச்சிருக்கு.” அவள் குற்றம் சாட்டவில்லை. பழுது எங்கே என்று பார்க்கிறவள் பேச்சு அது. “தவறுதலான்னு சொன்னீங்க” என்று மட்டும் முடித்துவிட்டு பென்டிரைவை உருவிக் கையில் கொடுத்தாள்.

வெயிலில் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தே வந்தேன். ஆட்டோக்காரர் கூப்பிட்டார். ஏறுவதற்கு அருகதை இல்லை என்று தோன்றியது.

ஜூன் 18, புதன்

நேற்று முழுவதையும் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

ஜூன் 6 அன்று முதல் கோப்பைத் திறந்தபோது நான் அலங்கோலத்தைப் பார்க்கவில்லை. தமிழைத்தான் பார்த்தேன். முதல் வரி இது: ‘அவர் அந்த ஆர்டரை மறைத்துவிட்டார் என்று இன்று தெரிந்துகொண்டேன்.’

அடுத்த வரியைப் படிக்கவில்லை. கோப்புறையை மூடி, மொத்தமாக அழித்தேன். கெட்டுப்போன கோப்புகள் என்று இந்த டைரியில் எழுதி வைத்தேன். யாரும் படிக்காத டைரியில்கூட எனக்குப் பொய் தேவைப்பட்டிருக்கிறது.

2004. திருச்சியில் ஒரு கல்லூரியில் தட்டச்சர் வேலைக்கு வல்லி நேர்காணல் போனாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். செப்டம்பர் 13, திங்கட்கிழமை. எனக்குக் காய்ச்சல், விடுப்பில் இருந்தேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். பதிவுத் தபாலில் நியமன ஆர்டர் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

வல்லி தமிழ், ஆங்கிலம் இரண்டு தட்டச்சுத் தேர்விலும் ஹையர் முதல் வகுப்பு. நான் ஆங்கிலத்தில் லோயரே இரண்டாம் முறைதான் தேறினேன். அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு மூன்றாவது தடவையாகத் தள்ளிப் போயிருந்தது. நேர்காணலுக்குப் போய் வந்ததைக் கேட்டு ஒருவர், “அம்பலவாணன், இனிமே வீட்டுலயும் ஒரு டைப்பிஸ்ட்டா? ஸ்பீடு டெஸ்ட்டு வெச்சா யாரு ஜெயிப்பீங்க?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழந்தைக்கு ஒன்பது வயது, தினமும் திருச்சி போய் வருவது கஷ்டம் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எதுவும் காரணம் இல்லை. அந்தச் சிரிப்புதான் காரணம்.

ஆர்டரைத் தோல் பையின் உள்ஜிப்பில் வைத்தேன். சேர வேண்டிய தேதி கடந்ததும் கிழித்தேன். வல்லி ஒரு மாதம் தபால்காரரை வாசலில் பார்த்துக்கொண்டிருந்தாள். “சிபாரிசு இல்லாம இதெல்லாம் கிடைக்காது, விடு” என்று ஆறுதல் சொன்னேன். அவளும் தலையை ஆட்டினாள்.

அவளுக்குத் தெரியாது என்று இருபத்தொரு வருடம் நினைத்திருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

எழுத்துருவை மாற்ற ஒரு நிமிடம் போதும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். நானே தட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். செய்ததற்குத் தண்டனையாக என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. வல்லியிடம் போவதற்கு முன்னால் என்னைப் பற்றி வேறு என்ன இருக்கிறது என்று நான் பார்த்தாக வேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று கோப்பு. காலையில் தட்டுவது, மத்தியானம் சரிபார்ப்பது.

ஜூன் 25, புதன்

பன்னிரண்டிலிருந்து இருபத்து நான்கு வரை முடிந்தது. என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. தெருவிளக்கு மனுக்காரர் இன்னும் மூன்று முறை வருகிறார். கடைசியில் விளக்கு எரிந்துவிடுகிறது. அதற்கு நன்றி தெரிவித்து ஒரு மனு தட்டிக்கொண்டு போகிறார். பயோடேட்டாவில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டதும் அழுதுவிட்ட ஒரு பெண் வருகிறாள். மின்சாரம் போன இரண்டு மணி நேரத்தில் கடையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒரு முழுப் பக்கம்.

நன்றாக எழுதியிருக்கிறாள். நான் சொல்லி என்ன ஆகப் போகிறது. பதினேழு வருடம் தினமும் மாலை அவளிடம் “இன்னைக்குக் கடையில என்ன?” என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதில் பாதியை வாயாலேயே சொல்லியிருப்பாள்.

ஜூன் 27, வெள்ளி

இருபத்தாறாம் கோப்பு. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

‘அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். சாப்பிடும்போது பூங்கோதையிடம், அப்பா கையில் ஒரு தபால்கூட ஒரு நாள் தங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, மிளகாய் இருந்தது.’

இதைத் தட்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நான்கே வாக்கியம்.

ஜூன் 28, சனி

இருபத்தாறை விட்டுவிட்டு இருபத்தெட்டு கோப்புதான் மீண்டது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? இதைக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

இருபத்தொன்பதையும் பென்டிரைவில் ஏற்றி, எல்லாம் நானே தட்டியது என்று ஒரு சீட்டும் வைத்துக் கொரியர் செய்தேன்.

ஜூலை 7, திங்கள்

வல்லி பேசினாள். இரண்டு நாளாகப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாளாம். தெருவிளக்குக்காரரைப் பற்றிப் படித்தபோது பூங்கோதை சிரித்த சிரிப்பில், இப்படிச் சிரிக்காதே என்று மாப்பிள்ளை ஓடி வந்து தடுக்க வேண்டியதாகிவிட்டதாம்.

“பன்னெண்டு ஃபைலைக் காணோமேங்க?”

“நான்தான் அழிச்சுட்டேன் வல்லி. இடம் பத்தலைன்னு கழிக்கும்போது... தவறுதலா. கடையில குடுத்து இவ்வளவுதான் எடுக்க முடிஞ்சுது.”

தவறுதலா என்ற வார்த்தை தானாக வந்து விழுந்தது. கூப்பிடவே இல்லை, வந்துவிட்டது.

பிறகு, “எல்லாத்தையும் நீங்களே தட்டினீங்களாமே. இருபத்தாறாவதையும் தட்டினீங்களா?” என்றாள்.

“தட்டினேன்.”

“ம்.” “முதல்ல இருந்த பதினொண்ணுல என்ன இருந்துச்சுன்னே ஞாபகம் வரலைங்க. பழசு. போனா போகுது.”

வைத்த பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆர்டர் இல்லை. அதைப் பற்றி எழுதிய கோப்பும் இல்லை. எழுதியவளுக்கே ஞாபகம் இல்லை. பல நாளுக்குப் பிறகு பசி எடுத்து இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் அந்த நிம்மதியே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஜூலை 19, சனி

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பேத்தி. காலை 11.20. இருவரும் நலம். நாளை மறுநாள் கிளம்புகிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, கோயம்புத்தூர்

காலையில் பூங்கோதையும் குழந்தையும் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். வல்லி கூடத்தில் கீழே உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த சின்னச் சின்னத் துண்டுகள்.

“சும்மாதானே இருக்கீங்க. மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல உக்காருங்க. விட்டுப்போன பன்னெண்டுல எனக்கு வர்றதைச் சொல்றேன். தட்டுங்க” என்றாள்.

உட்கார்ந்தேன்.

“ரெண்டாவதுல இருந்து ஆரம்பிக்கலாம். ஒண்ணாவது சுத்தமா ஞாபகம் இல்லை.”

மடிப்பதை நிறுத்தாமல்தான் சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை. எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. ரெண்டாவது சொல்லு என்று நான் சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லியிருப்பாள். நானும் தட்டியிருப்பேன். அதற்கு மேல் சாகும்வரை இந்தப் பேச்சு எழுந்திருக்காது.

“எனக்கு ஞாபகம் இருக்கு” என்றேன்.

தட்டினேன். ‘அவர் அந்த ஆர்டரை மறைத்துவிட்டார் என்று இன்று தெரிந்துகொண்டேன்.’ தட்டி முடித்து வாய்விட்டுப் படித்தேன்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

“இந்த ஒரு வரிதான் படிச்சேன். படிச்சுட்டுத்தான் அழிச்சேன். தவறுதலா இல்லை, வல்லி. ரெண்டு தடவையும் தவறுதலா இல்லை.”

கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “அந்தக் காலேஜ் ஆபீஸ்காரர் ஒருத்தர் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு” என்றாள். “‘ஏம்மா வந்து சேரலை? ஒப்புகை அட்டை திரும்பி வந்துச்சே, உங்க வீட்டுக்காரர் கையெழுத்தோட’ன்னு கேட்டாரு. வீட்டுல சௌகரியப்படலைன்னு சொல்லிட்டேன்.”

ஒப்புகை அட்டை. முப்பத்தாறு வருட அலுவலகக்காரன், அட்டை திரும்பிப் போகும் என்பதை யோசிக்கவில்லை.

“ஏன் என்னைக் கேட்கலை?”

“நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்.” ஒரு துண்டை எடுத்து உதறினாள். “அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டேன்.”

மன்னிச்சுக்க என்று சொன்னேன். “அதுல என்னதான் எழுதியிருந்துச்சு? நான் அதைப் பார்க்கவே இல்லையே” என்றாள்.

ஒரே ஒரு முறை படித்த கடிதம். ஒரு எழுத்துகூட எனக்கு மறக்கவில்லை. புதிய பக்கத்தில் தட்டினேன்.

‘பெறுநர்: திருமதி அ. சௌந்தரவல்லி அவர்கள், புதுக்கோட்டை. பொருள்: தட்டச்சர் பணி நியமனம் குறித்து. நடந்து முடிந்த நேர்காணலிலும் தட்டச்சுத் தேர்விலும் தாங்கள் முதலிடம் பெற்றுத் தேர்வாகியுள்ளீர்கள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். 27.09.2004 முற்பகல் பணியில் சேருமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

வல்லி முழங்காலில் கையை ஊன்றி எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். என் தோளுக்குப் பின்னால் நின்று, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள்.

“முதலிடம்னு போட்டிருந்துச்சா?”

“ஆமா.”

“அது எனக்குத் தெரியாது.”

உள்ளறையில் குழந்தை சிணுங்கியது. அவள் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

“நல்ல வேலைங்க அது” என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் போனாள்.